பார்க்காமல் எழுதிய தீர்ப்பு

ஒரு வீடியோ கேசட்டில் ஐந்து ஸ்க்ரூ இருக்கும். தாராவி தேரா கம்பவுண்டில் பழைய சாமான் வாங்கும் ஒரு பங்கார் கடை வாசலில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த ஐந்தையும் கழற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை. கறுப்பு பிளாஸ்டிக் ஓடு ஒரு சாக்குக்குள் போனது. ஸ்பிரிங்கும் ஸ்க்ரூவும் ஒரு தகர டப்பாவில் விழுந்தன. உள்ளே இருந்த நாடாவை மட்டும் கையில் சுருட்டி, ஓரத்தில் கிடந்த குப்பையில் போட்டான். ஏன் என்று கேட்டேன். “இத யாரும் எடுக்க மாட்டாவ அண்ணாச்சி, பிளாஸ்டிக்குக்குத்தான் வெல” என்றான். அவன் பேச்சில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. மும்பைக்கு வந்தது அவன் தாத்தாவாம்.

அவன் பக்கத்தில் இன்னும் இருபது முப்பது கேசட் குவிந்து கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒட்டியிருந்த சீட்டில் நீல மையில் தமிழ் எழுத்து: “கல்யாணம். மீதி – சீரியல்.”

யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாடாவில் மிச்சமிருந்த இடத்தை வீணாக்க மனமில்லாமல் டி.வி.யில் ஓடிய ஏதோ ஒரு தொடரைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். அது என்ன தொடர், நல்ல தொடரா, மட்டமான தொடரா என்று எனக்குத் தெரியாது. அந்த ‘மீதி’யைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஒரு சமூகம் தன் சாதனைகளை எப்படியும் காப்பாற்றிவிடும். சுமார் என்றும் தோல்வி என்றும் ஒதுக்கிய படைப்புகளை அது என்ன செய்கிறது என்பதில்தான் அதன் நேர்மை தெரியும்.

இங்கிலாந்திலிருந்து ஒரு கதை சொல்கிறேன். அதன் தொடக்கத்திலேயே பம்பாய்க்கும் ஒரு சின்ன இடம் உண்டு. 1963 நவம்பர் 23 அன்று பி.பி.சி.யில் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைவுத் தொடர் தொடங்கியது. ஒரு போலீஸ் பெட்டியின் வடிவில் இருக்கும் இயந்திரத்தில் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஒருவரின் கதை. இடையில் நின்று, 2005-இல் மறுபடி தொடங்கி, அறுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதன் முதல் கதையை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்து, சிறுவயதின் பெரும்பகுதியைப் பம்பாயில் கழித்து, 1946-இல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனவர். எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். தொடரை இயக்கும்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

அடுத்த ஆண்டு அதே தொடருக்காக அவர் ‘மார்கோ போலோ’ என்ற ஏழு பாகக் கதையில் ஒரு பாகம் தவிர மற்ற அனைத்தையும் இயக்கினார். பார்த்தவர்கள் இன்றும் சிலாகிக்கிறார்கள். ஆனால் அந்த ஏழு பாகங்களில் ஒன்றின் படச்சுருள்கூட இன்று இல்லை. காரணம் எளிமையானது. அந்நாளைய இரண்டு அங்குல வீடியோ நாடா விலை அதிகம். ஒரு நிகழ்ச்சியை அழித்து இன்னொன்றைப் பதிவதுதான் வழக்கம். நடிகர் சங்க ஒப்பந்தம் மறு ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. கலர் வந்ததும் கறுப்பு வெள்ளைக்கு மதிப்பு போயிற்று. வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுத்த 16 மி.மீ. பிலிம் பிரதிகளை வைத்திருந்த பிரிவு, விற்பனைக் காலம் முடிந்ததும் அவற்றைக் குப்பையில் போட்டது. ஒரு பிரிவு வைத்திருக்கும் என்று இன்னொரு பிரிவு நம்பியது. 1970-களின் கடைசியில் யாரோ கணக்கெடுத்து நிறுத்தும் வரை இது நடந்தது. அறுபதுகளின் ‘டாக்டர் ஹூ’வில் ஏறக்குறைய நூறு பாகங்கள் அப்படிக் காணாமல் போயின.

அந்த அழிவில் சிக்கியவற்றில் ஒன்று ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’. 1967 டிசம்பரிலிருந்து அடுத்த மாதம் வரை ஓடிய ஆறு பாகக் கதை. எழுதியவர் டேவிட் விட்டேக்கர், இயக்கியவர் பாரி லெட்ஸ். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரே வரியில் புரியும்படி சொன்னால், ‘நாடோடி மன்ன’னின் கரு: உருவ ஒற்றுமையால் ஒருவர் இடத்தில் இன்னொருவர். கதாநாயகரான பேட்ரிக் ட்ரௌட்டனே உலகை ஆள நினைக்கும் சலமாண்டர் என்ற வில்லனாகவும் இரட்டை வேடம். சலமாண்டர் சூரிய சக்தியைச் சேமித்து, பஞ்சம் பாதித்த நிலங்களை விளைய வைக்கிறான். உலகம் அவனை அன்னதாதாவாகக் கும்பிடுகிறது. அவன் ஆட்டத்தின் ரகசியமோ பூமிக்கு அடியில் இருக்கிறது. மேலே அணுஆயுதப் போர் நடக்கிறது என்று நம்பவைத்து ஒரு கூட்டத்தை அங்கே பல ஆண்டுகளாக அடைத்துவைத்திருக்கிறான். அந்த அப்பாவிகளின் கையாலேயே எரிமலையையும் பூகம்பத்தையும் ஏவிவிடுகிறான். எழுதியது 1967-இல். பொய்ச் செய்தியை மட்டுமே ஊட்டி ஒரு கூட்டத்தைக் கட்டிவைக்கலாம் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கதைக்கு நல்ல பெயர் இல்லை. அந்தப் பருவத்தின் மற்ற கதைகளில் பனி அசுரர்கள், இயந்திர மனிதர்கள் என்று பிரம்மாண்டங்கள் இருந்தன. இதில் அப்படி எதுவும் இல்லை. ஆறு பாகங்களில் மூன்றாவது மட்டும் தப்பியிருந்தது. அதுவோ அடுப்படியில் ஒரு சமையல்காரர் புலம்புவதும், நடைவழிகளில் ஆட்கள் பேசிக்கொண்டிருப்பதுமாக நகரும் பாகம். கடற்கரையில் ஹெலிகாப்டரும் ஹோவர்கிராஃப்டும் துரத்தும் காட்சி முதல் பாகத்தில் இருந்தது, அது போய்விட்டது. பூமிக்கு அடியில் இருந்த ரகசியம் பிற்பாகங்களில் இருந்தது, அதுவும் போய்விட்டது. தப்பிய ஒன்றைப் பார்த்தவர்கள், “மந்தமான கதை” என்று எழுதினார்கள். அதைப் படித்தவர்கள் பார்க்காமலே அதையே திருப்பி எழுதினார்கள். பட்டியல்களில் கதை கீழே போய்ப் படிந்துவிட்டது.

நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அலமாரியில், காணாமல் போன தொடர்களைத் தேடித் திரியும் பிலிப் மாரிஸ் சில பிலிம் டப்பாக்களைக் கண்டெடுத்தார். அவற்றில் ‘தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்’ முழுதாக இருந்தது. 2013 அக்டோபரில் அது ரசிகர்கள் கைக்கு வந்தது. பார்த்தவர்களில் பலர் தாங்கள் எழுதியதைத் தாங்களே திருத்தினார்கள். ட்ரௌட்டனின் இரண்டு முகங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்பது சிலருக்குப் புரிந்தது. இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. பார்க்காமலே ‘மகத்தானது’ என்று கொண்டாடப்பட்ட ‘தி டூம் ஆஃப் தி சைபர்மென்’ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து திரும்பி வந்தபோது, அதன் குறைகளும் சேர்ந்தே கண்ணில் பட்டன. பழியும் புகழும் ஒருசேரச் சரிபார்க்கப்பட்டன. படைப்பு கையில் இருந்ததால் அது முடிந்தது.

இதைப் படிக்கும் செம்பூர்க்காரருக்குத் தன் தெருவிலேயே ஒரு சாட்சி இருந்தது. ராஜ் கபூர் 1948-இல் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ. அங்கிருந்து 1970 டிசம்பரில் வந்த படம் ‘மேரா நாம் ஜோக்கர்’. ஆறு ஆண்டு உழைப்பு, நான்கு மணி நேர நீளம், இரண்டு இடைவேளை. அதன் மூன்றாம் பகுதியில் நம் நாட்டியப் பேரொளி பத்மினி நடித்திருந்தார். படம் படுத்துவிட்டது. தயாரித்தவர் கடனில் மூழ்கினார். மூன்று ஆண்டுக்குப் பிறகு ‘பாபி’ ஓடித்தான் அவர் தலை நிமிர்ந்தது. அந்த நேரத்துப் பேச்சோடு கதை முடிந்திருந்தால், ‘ஜோக்கர்’ ஒரு கலைஞனின் வீம்புக்கு உதாரணமாக மட்டும் நின்றிருக்கும். பிரதிகள் இருந்தன, அடுத்த தலைமுறை பார்த்தது, பார்த்துவிட்டு வேறு தீர்ப்பு எழுதியது. ராஜ் கபூரின் ஆகச் சிறந்த படம் அதுதான் என்று வாதிடுகிறவர்கள் இன்று எத்தனை பேர்.

அதே வளாகத்தில் 2017 செப்டம்பர் 16 அன்று தீப்பிடித்தது. ஒரு நடன நிகழ்ச்சிக்காகப் போட்டிருந்த செட் எரிந்து, பழைய படங்களின் உடைகளும் பொருள்களும் அதோடு போயின. 2019-இல் அந்த நிலம் கட்டுமான நிறுவனத்தின் கைக்கு மாறியது. படம் தப்பித்துக்கொண்டது, அதன் சட்டைகள் சாம்பலாயின. நம் ஊரில் பாதுகாப்பு என்பது எவ்வளவு தூரம் அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கிறது என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் வேண்டாம்.

அதிர்ஷ்டம் கைவிட்ட கதையும் இந்த நகரத்துடையதுதான். அது தமிழர் ஒவ்வொருவரையும் தொடுவது.

1931 மார்ச் 14 அன்று கிர்காவ் மெஜஸ்டிக் தியேட்டரில் இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ வெளியானது. எடுத்தவர் இம்பீரியல் கம்பெனியின் அர்தேஷிர் இரானி. பக்கத்தில் ரயில் பாதை. அதன் இரைச்சலுக்குப் பயந்து நள்ளிரவுக்குப் பிறகு படம் பிடித்தார்கள். அதே கம்பெனி, அதே செட்டுகளில் எச்.எம். ரெட்டி இயக்கத்தில் ‘காளிதாஸ்’ எடுத்தது. தமிழின் முதல் பேசும் படம் பிறந்த இடம் பம்பாய். கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி. படப்பெட்டி சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கியபோது கூட்டம் திரண்டது. பூத்தூவி, தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, வால்டாக்ஸ் ரோடு வழியாகத் தியேட்டருக்கு ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள் என்று சினிமா வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1931 அக்டோபர் 31 அன்று கினிமா சென்ட்ரலில் படம் திரையேறியது.

சாமிக்குச் செய்யும் மரியாதையோடு வந்த அந்தப் பெட்டி இன்று இல்லை. ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களும் விளம்பரங்களும்தான் மிச்சம். நைட்ரேட் பிலிமில் வெள்ளி உண்டு. ஓடி முடிந்த சுருள்களை எடைக்கு வாங்கி வெள்ளியைப் பிரித்தெடுப்பது அந்நாளில் வழக்கமான தொழில். இத்தனை ஆண்டு கழித்துத் தேரா கம்பவுண்டில் பிளாஸ்டிக்குக்கு நடப்பது, அன்று வெள்ளிக்கு நடந்தது. ‘ஆலம் ஆரா’வும் அப்படித்தான் காணாமல் போனது. புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கட்டி எழுப்பிய பி.கே. நாயர் வாழ்நாள் முழுக்கத் தேடியும் அது அகப்படவில்லை.

படம் போய்விட்டது; அதன் மேல் விழுந்த தீர்ப்பு மட்டும் தங்கிவிட்டது. ‘காளிதாஸ்’ என்றதும் எல்லோரும் சொல்வது மூன்று குறை. கதாநாயகி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசினார் என்பது ஒன்று. புராணக் கதைக்குள் காந்தியையும் கைராட்டையையும் போற்றும் பாட்டுகள் சம்பந்தமில்லாமல் நுழைந்தன என்பது இன்னொன்று. தொழில்நுட்பம் மட்டம் என்பது மூன்றாவது. மூன்றையும் நானும் பல இடங்களில் படித்து, மேடையில் ஒருமுறை திருப்பியும் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். நான் ஒரு காட்சியும் பார்த்ததில்லை. எனக்குச் சொன்னவர்களும் பார்த்ததில்லை.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் ஒரு மாலை நின்று கவனியுங்கள். ஓர் அக்கா தமிழில் தக்காளி விலை கேட்கிறார். கடைக்காரர் இந்தியில் பதில் சொல்கிறார். பக்கத்தில் நிற்கும் மராத்திப் பாட்டி நடுவில் ஒரு வார்த்தை போடுகிறார். பேரம் முடிந்து தக்காளி பைக்குள் போகிறது. யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை. ஒருவர் தமிழில் கேட்க இன்னொருவர் தெலுங்கில் பதில் சொன்ன படம், ஊரிலிருந்து பார்த்தால் விநோதம். பம்பாயில் அது அன்றாடப் பேச்சு. 1931-இல் அந்த ஸ்டூடியோவுக்குள் இருந்தவர்கள் வேறு வழியில்லாமல் அப்படி எடுத்தார்களா, அதில் ஒரு விநோதமும் அவர்களுக்குத் தோன்றவில்லையா? கைராட்டைப் பாட்டை அரங்கம் எப்படிக் கேட்டது, எந்த இடத்தில் கைதட்டியது? கண்ணால் பார்த்தால் ஒரு பகுதியாவது விளங்கும். பார்க்க வழியில்லை. ஆகவே அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடும் இல்லை. ஒரு படைப்புக்கு நேரக்கூடிய பெரிய அநியாயம் இதுதான்: குற்றச்சாட்டு உயிரோடு இருக்கும், குற்றம் சாட்டப்பட்டது இருக்காது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1972 அக்டோபர் 2 அன்று பம்பாய்த் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. எண்பதுகளில் தூர்தர்ஷன் ‘ஸ்டார் ட்ரெக்’ காட்டியபோது, மாதுங்கா, செம்பூர் கட்டடங்களில் டி.வி. இருந்த வீட்டு வாசலில் செருப்புகள் குவியும். பார்த்த பிள்ளைகளுக்கு நாமும் இப்படி ஒன்று எடுக்க முடியாதா என்ற ஆசை வந்தது. 1989-இல் ‘இந்திரதனுஷ்’ வந்தது. கம்ப்யூட்டரோடு விளையாடும் பிள்ளைகள் காலப் பயணம் போகும் தொடர். அதில் நடித்த பிள்ளைகளில் ஒருவர் பிற்பாடு பெரிய இயக்குநரான கரண் ஜோஹர். 1998-இல் கேதன் மேத்தாவின் ‘கேப்டன் வியோம்’ வந்தது. எதிர்காலத்தில் நடக்கும் கதை. வியாழனின் துணைக்கோளில் உள்ள சிறையிலிருந்து தப்பிய குற்றவாளிகளைச் சூரிய மண்டலம் முழுக்கத் துரத்துகிறார் மிலிந்த் சோமன்.

இன்று அதன் துண்டுகளை யாராவது போட்டால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். விண்கலம் பொம்மை மாதிரி, வெடிப்பு தீபாவளி மாதிரி என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் குறையை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கம்ப்யூட்டரில் விண்வெளியை வரையத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்த காலம் அது. கேதன் மேத்தாவின் மாயா நிறுவனத்திலிருந்துதான் பிறகு ‘மாக்’ என்ற அனிமேஷன் பள்ளி பிறந்தது. அதில் படித்தவர்கள் எத்தனையோ ஸ்டூடியோக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹாலிவுட் படங்களின் வேலை இந்த நகரத்து ஸ்டூடியோக்களில் இரவு பகலாக நடப்பது இன்று செய்தியே இல்லை. ஒரு தொழில் நடை பழகிய நாள்களின் தடம் அந்தப் ‘பொம்மை’ விண்கலத்தில் இருக்கிறது. குழந்தை தத்தித் தத்தி நடந்ததை எந்த வீட்டிலும் வெட்கப்பட்டு அழிப்பதில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துவைக்க முடியுமா, இடம் எங்கே, பணம் எங்கே என்று கேட்பார்கள். இருநூறு சதுர அடியில் ஒரு குடும்பம் வாழும் ஊரில் இந்தக் கேள்வி நியாயமானது. என் பதிலும் அங்கிருந்தே தொடங்குகிறது. எதை வைப்பது, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கிறவர் தன் காலத்தின் ரசனையை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார். அந்த ரசனை எவ்வளவு தப்பாகப் போகும் என்பதைச் சலமாண்டரும் ஜோக்கரும் காட்டிவிட்டார்கள். பி.கே. நாயர் நல்ல படம், மட்டமான படம் என்று பிரிக்காமல் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். அது பேராசையில்லை, அடக்கம். நாளை வருகிறவன் என்னைவிட நன்றாகப் பார்ப்பான் என்று நம்பும் அடக்கம்.

‘டாக்டர் ஹூ’வின் படங்கள் போன பிறகும், தொலைந்த பாகங்கள் அத்தனையின் ஒலியும் இன்று இருக்கிறது. அதைக் காத்தது நிறுவனம் இல்லை. அறுபதுகளில் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து, வீட்டில் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பதிவு செய்த சாதாரணப் பிள்ளைகள். ‘மார்கோ போலோ’வை நாம் இன்று காதாலாவது கேட்க முடிவது அவர்களால்தான்.

அப்படிப் பதிவு செய்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். மாதுங்காவில், செம்பூரில், சயானில், எத்தனையோ வீட்டுப் பரண்களில் கேசட்டுகள் கிடக்கின்றன. கல்யாணம், சண்முகானந்தா அரங்கத்துக் கச்சேரி, சங்கத்து ஆண்டு விழா நாடகம், ‘மீதி – சீரியல்’. நாடகம் சுமாராகத்தான் இருந்திருக்கும். இருக்கட்டும். மும்பை மழைக்கால ஈரத்தில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிக்கும்; பிடித்தால் படம் கரையும். ஓட்டும் இயந்திரமும் போய்க்கொண்டிருக்கிறது: வி.சி.ஆர். செய்துவந்த கடைசி நிறுவனம் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்னும் பத்து ஆண்டு காத்திருந்தால், கேசட் இருக்கும், பார்க்க வழி இருக்காது. பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் பணம் திரட்டத் தெரிந்த நம் தமிழ்ச் சங்கங்கள் ஒரு பழைய வி.சி.ஆரும் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி, வாரம் ஒரு நாள் உறுப்பினர்களின் கேசட்டுகளை மாற்றிக் கொடுக்கலாம். பிரதி ஒன்றைத் தாங்களும் வைத்துக்கொள்ளலாம். பிலிம் சுருள் யாரிடமாவது இருந்தால், புனே காப்பகமும் இந்த நகரத்திலேயே இயங்கும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. பெரிய செலவில்லை. ஆள் வேண்டும், அக்கறை வேண்டும்.

அந்தப் பையனிடம் நீல மை கேசட்டுக்கு என்ன விலை என்று கேட்டேன். அவன் அதைக் கையில் தூக்கி எடை பார்த்தான். அவன் தொழிலில் அதுதான் கணக்கு. “சும்மா எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி” என்றான். மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன். இப்போது அது என் மேசைமேல் இருக்கிறது, ஐந்து ஸ்க்ரூவும் கழலாமல். வி.சி.ஆர். வைத்திருக்கும் ஒருவரைச் செம்பூரில் கண்டுபிடித்திருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை போய், கல்யாணத்தை முழுதாகப் பார்த்துவிட்டு, மீதியையும் பார்க்கப் போகிறேன். எப்படி இருந்தது என்று அதற்குப் பிறகு சொல்கிறேன்.